உலர்த்தும் அறையில் இரண்டு பேர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நாட்குறிப்பில்கூட நடந்ததற்கு மேல் ஒரு வரி எழுதமாட்டேன். நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், நடந்தது நடந்தபடி இதுதான்.

போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குச் சின்னதாக ஒரு ஏலக்காய்த் தோட்டம். காய் உலர்த்தும் அறையை மனைவியின் தம்பி செல்வம் பார்த்துக்கொள்கிறான். விறகடுப்பின் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் ஓடும், அவன் உள்ளே போய்க் காயைக் கிளறிவிட வேண்டும். அந்தச் சூட்டைச் சீராக வைக்க ஒரு புரோகிராம் செய்யலாம் என்று, கீழே போடி ஊரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்தபடி ஏஐ ஏஜெண்டுகளுக்கு, அதாவது தாமாகவே வேலை செய்யும் மென்பொருள்களுக்கு, வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தேன். ஒன்று வேலையைப் பங்கிடும், ஒன்று புரோகிராமை எழுதும், ஒன்று சோதிக்கும். சோதனை நடப்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கற்பனை அறையில்தான். நிஜ அறையில் ஒரு வயரோ கேமராவோ இன்னும் மாட்டவில்லை, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் சோதிக்கும் ஏஜெண்டு பாதியில் நின்றிருந்தது. திரையில் அது எழுதியிருந்தது: "அறைக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் விழுந்துவிட்டார். கதவைத் திறக்கவும்."

ஆட்களைப் பற்றி நான் அதற்கு எதுவுமே சொன்னதில்லை. மறுபடி ஓடவிட்டேன், அதே வரி. எழுதும் ஏஜெண்டு இது தன் வேலையில்லை என்று திருப்பிவிட்டது. பங்கிடும் ஏஜெண்டோ, கதவைத் திறக்கும் வேலையை என் பெயருக்கே போட்டது.

செல்வத்துக்குப் போன் போகவில்லை. மேலே டவர் கிடைப்பதே அபூர்வம். எங்களுக்கு ஜீப்பு ஓட்டும் முருகனைக் கூப்பிட்டேன்.

"கம்ப்யூட்டரு சொல்லுச்சுன்னு என்னைய மலையேறச் சொல்றீகளாண்ணே? வெயில்ல எங்கயும் போனீகளா?" என்று சிரித்தான். பிறகு என் குரலைக் கேட்டு, "சரி சரி, கெளம்பிட்டேன். எம்புட்டு வெரசா போனாலும் ஒரு மணி நேரம் ஆகும்" என்றான்.

ஒரு மணி நேரம். திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

முருகன் போய்ச் சேருவதற்கு முன்பே, டவர் கிடைக்கும் இடத்துக்கு நடந்து வந்து செல்வமே போன் செய்தான். ஒரே இருமல்.

"மாமா, குழாய் ஓட்டையாகி உள்ள பூராம் புகை. கெறங்கி விழுந்துட்டேன். நல்லவேளை, ஆள் அனுப்புனீக."

"நான் யாரை அனுப்புனேன் மாப்ளே?"

"வெளையாடாதீக. கையப் பிடிச்சு வாசல் வரைக்கும் இழுத்துட்டு வந்தாரே. அந்தச் சூட்டுலயும் கை சில்லுன்னு இருந்துச்சு மாமா."

அன்று தோட்டத்தில் அவனைத் தவிர யாருமில்லை. பிறகு போய்ச் சேர்ந்த முருகனும் யாரையும் பார்க்கவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் திரையில் புதிதாக ஒரு வரி: "ஒருவர் வெளியே வந்துவிட்டார். இன்னொருவர் உள்ளேதான் இருக்கிறார். சூட்டை ஏற்றலாமா?"

அந்த ஏஜெண்டை நீக்கிவிட்டு வேறொன்றை வைத்தேன். அதுவும் அதே இடத்தில் நின்று அதையேதான் கேட்கிறது. செல்வம் குழாயை மாற்றிவிட்டு, அதே அறையில் தினமும் அடுப்பை மூட்டிக் காய் உலர்த்துகிறான். நான் மட்டும் அந்தக் கேள்விக்கு இன்றுவரை சரி என்று சொல்லவில்லை.