சொந்த ஊரில் ஒரு மிஷனரி

மடத்து வாசலில் ஆட்டோ பிடிக்கும்போது சிஸ்டர் ஆரோக்கியமேரி ஆங்கிலம்தான் பேசுவார். "லாலாகுடா, ப்ளீஸ். வொர்க்‌ஷாப் கேட்." ஊருக்குப் புதியவர்போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்வார். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓரமாக உட்காருவார். மாரெட்பள்ளித் திருப்பம்வரை பார்வை நேராகவே இருக்கும். மடத்துச் சுவர் மறைந்ததும் முன்னால் குனிந்து, "அரே பாய், உதர்சே நக்கோ, இஸ் கல்லீசே சலோ" என்று உள்ளூர் உருதுவில் பேசி, அந்த வழியை விட்டுச் சந்துக்குள் திருப்பச் சொல்வார். ஓட்டுநர் கண்ணாடியில் ஒருமுறை அவரைப் பார்த்துக்கொள்வார்.

ஞாயிறுதோறும் அவரை அழைத்துவருவது என் பொறுப்பு. நான் ஹைதராபாத் மாதாப்பூரில் மென்பொருள் வேலையில் இருந்தேன். லாலாகுடாவில் சின்னசாமி என்பவரின் மாடியறையில் குடியிருந்தேன். அவர் ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. முதலில் லேசாக ஒரு பக்கவாதம் வந்தது, ஊன்றுகோலோடு தப்பித்தார். அடுத்த வருடம், 2007இல், மறுபடி வந்து படுக்கையில் தள்ளிவிட்டது. சிஸ்டர் அவருடைய உடன்பிறந்த தங்கை. மடத்தில் இது யாருக்கும் தெரியாது. யாரோ ஒரு நோயாளியைப் பார்த்துவருகிறார் என்றே நினைத்தார்கள். தங்கை கன்னியர் சபையில் சேர்ந்த நாளிலிருந்து சின்னசாமி மாதா கோயில் பக்கம் போகாதவர். அதனால் பங்குமக்களுக்கும் அவரைத் தெரியாது.

ஏன் மறைக்க வேண்டும் என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. அண்ணனுக்கு முகம் மழித்துக்கொண்டே சிஸ்டர் ஒருநாள் சொன்னார்:

"எங்க சபையை ஆரம்பிச்சது பெல்ஜியத்துல நாலு பொண்ணுங்க, தம்பி. கப்பல் ஏறினதோட சரி, ஒருத்தரும் வீட்டு வாசலைத் திரும்பப் பாக்கலை. அதனால எங்களுக்கு ஒரு ஒழுங்கு. பொறந்த ஊர்ல வேலை செய்யக் கூடாது. மிஷனரின்னா போறவ."

அந்தச் சபையின் சிஸ்டர்கள் ஒரு காலத்தில் இங்கே ரயில்வே தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தார்கள். ஆரோக்கியமேரியே அவர்கள் கையில் பிறந்த குழந்தைதான். வளர்ந்து, அவர்களோடு சேர்ந்து, டான்சானியாவில் ஒரு கிராம மருந்தகத்தில் இளமை முழுவதும் பிரசவம் பார்த்தார். மலேரியா உடம்பை உருக்கிய பிறகு இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அனுப்பிய இடம் செகந்திராபாத், அவர் பிறந்த இதே ஊர்.

"தெரியாமப் போட்டுட்டாங்க" என்றார். "எங்க வீட்ல ஊர் எதுன்னு கேட்டா எல்லாரும் திருப்பத்தூர்னுதான் சொல்வோம். எங்க தாத்தாவோட ஊர். நான் அதைக் கண்ணால பாத்ததில்லை. சபையில சேரும்போதும் பழக்கத்துல அப்படியே சொல்லிட்டேன். அப்ப என்னைச் சேத்துக்கிட்டவங்க யாரும் இப்ப உயிரோட இல்லை."

வெளியே தெரிந்தால் மாற்றிவிடுவார்கள். சின்னசாமிக்கு வேறு யாரும் இல்லை. இவ்வளவும் எனக்குப் புரிந்தது. சிஸ்டர் முகத்தில் இருந்தது பயமா, சந்தோஷமா என்பதுதான் பிடிபடவில்லை.

2008இல் சபையின் இந்தியத் தலைவி வருவதாகச் செய்தி வந்தது. சென்னையில் இருப்பவர், பெயர் சாந்தா. எல்லோரும் மதர் என்று அழைப்பார்கள். அதற்கு முந்தைய ஞாயிறு, கஞ்சி ஊட்டிக்கொண்டே சிஸ்டர் பேச்சை எடுத்தார்.

"அண்ணா, மதர் புதன்கிழமை வர்றாங்க. ஒவ்வொருத்தரையும் தனியாக் கூப்பிட்டுப் பேசுவாங்க."

"வரட்டும். எந்த ஊர்னு உன்னைக் கேட்டாங்களா?"

"இல்லை."

"கேக்காத கேள்விக்குப் பதில் சொல்ல நீ என்ன பைத்தியமா? நக்கோ, மேரி. வாயை மூடிட்டு இரு."

"மதர் முன்னால உக்காந்தா மனசுல எதையும் வெச்சுக்கக் கூடாது, அண்ணா."

"ஹவ், ஹவ், சரிதான். ஆப்பிரிக்காவுல ஊரான் புள்ளைக்கெல்லாம் குண்டி கழுவின. சொந்த அண்ணனுக்குக் கழுவினா பாவமாயிடுமா?"

"அதுங்க உன்னை மாதிரி வாய் பேசலை" என்று சிஸ்டர் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்லுங்க. சொல்லாம இருந்தா அது பொய்யா?"

"தெரியலை, சிஸ்டர்."

உண்மையிலேயே தெரியவில்லை. பொய் என்று ஒரு பக்கம் தோன்றியது, படுத்திருப்பவரைப் பார்த்தால் இல்லை என்று தோன்றியது. சின்னசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தவர், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அசையும் ஒரே கை போர்வையைப் பிசைந்துகொண்டிருந்தது. கோபம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை சிஸ்டர் எல்லாவற்றையும் மதரிடம் சொல்லிவிட்டார். ஒடிசா மலைப்பக்கம் ஒரு மருந்தகத்துக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முன் ஒருமுறை வந்து அண்ணனின் நகங்களை வெட்டினார். மடத்துச் சமையலில் உதவிய காஞ்சனா என்ற பெண் தினமும் வந்து கவனித்துக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தார்.

"போ. போறவதானே நீ" என்றார் சின்னசாமி.

படியிறங்கும்போது சிஸ்டர் என்னிடம் கேட்டார்: "நான் சொன்னதும் மதர் அழுதாங்க, தம்பி. திட்டுவாங்கன்னு நெனச்சுப் போனேன். எதுக்கு அழணும்?"

சிஸ்டர் மதரிடம் சொன்னது சரியா என்று பல நாள் யோசித்தேன். காஞ்சனா நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னசாமி சாப்பிட மறுத்தார்.

அடுத்த வருட மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். தங்கையால் வந்து சேர முடியவில்லை, மலைப்பாதை அடைபட்டிருந்தது. சென்னையிலிருந்து மதர் சாந்தா வந்தார். அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

முதல் பக்கவாதத்துக்குப் பிறகு சின்னசாமி ஊன்றுகோலோடு ரயிலேறிச் சென்னை மடத்துக்குப் போயிருக்கிறார். தங்கையைத் தன் பக்கத்தில் போடும்படி கெஞ்சியிருக்கிறார். மதர் எல்லாம் தெரிந்தேதான் ஆரோக்கியமேரியை இங்கே அனுப்பினார். ஆரோக்கியமேரி தானாக வாய் திறக்காதவரை மதரும் தெரியாதவராக இருந்துவிட முடியும். சின்னசாமி மதரிடம் கேட்டுக்கொண்டது இன்னொன்றும் உண்டு. தான் வந்து கேட்டது மேரிக்குத் தெரியக் கூடாது; தெரிந்தால் அவள் ஒருநாள்கூட இருக்க மாட்டாள் என்றாராம்.