சாம்பார் கடந்த குதிரைப் பாலம்

காலை 11:08. முதலில் கண்ணில் பட்டது பாலமல்ல, சாலையை மறித்த செம்மஞ்சள் தடுப்பு. ஆற்றின் மறுகரையில், முந்நூறு மீட்டர் தள்ளி, கலியாணம் நடக்கும் பண்ணைக் கூடம் தெரிந்தது. கார்ப் பாலத்தில் திருத்த வேலை. சுற்றுப்பாதை 61 கிலோமீட்டர்.

வில்லரேயிலிருந்து 9:40க்குப் புறப்பட்டு, மெர்சியே பாலம் தாண்டித் தெற்கே 78 கிலோமீட்டர் வந்திருந்தோம். நாங்கள் வந்த வான் வண்டி ராசன் அண்ணையுடையது. அவரும் மனைவி மலரும் பொறுப்பெடுத்த முதல் கலியாணச் சமையல் இது. அந்த ஊரின் பழைய கல்பாலத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதால் எனக்கும் இடம் தந்தார்கள். பந்தி 12 மணிக்கு.

"சுத்திப் போனா ஒரு மணித்தியாலம்," என்றார் ராசன் அண்ணை.

"தாலி பிந்தினதைச் சனம் மறந்திடும். சோறு பிந்தினதைப் பேரப்பிள்ளைக்கும் சொல்லும்," என்றார் மலர்.

தொலைபேசியில் சொன்னதும் மறுகரைக்குப் பண்ணைக்காரர் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்துவிட்டார். இடையில் கல்பாலம் மட்டும்: ஒற்றை வளைவு, முழங்கால் உயரச் சுவர், அகலம் 92 சென்டிமீட்டர். இரு கையிலும் வாளி தூக்கிப் போன ராசன் அண்ணை மூன்றாம் அடியில் நின்றார். வாளிகள் இரு சுவரிலும் இடித்தன. பதினாறு வாளிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்க நேரமில்லை.

பாலத்தடியில் நட்டிருந்த பலகையில் பிரெஞ்சில் இருந்ததை வாசித்துச் சொன்னேன். பொதிக் குதிரைகளுக்குக் கட்டிய பாலம். இருபுறமும் தொங்கும் மூட்டை இடிக்காமலிருக்கச் சுவரைத் தாழ வைத்தார்களாம்.

ராசன் அண்ணை வானுக்குத் திரும்பினார். கூடாரத் தடி ஒன்றைத் தோளுக்குக் குறுக்கே வைத்து, இரு முனையிலும் வாளியைக் கொழுவினார்.

"அப்ப நான்தான் குதிரை."

"கழுதையெண்டாலும் போதும். கெதியா நடவுங்கோ," என்றார் மலர்.

வாளிகள் சுவருக்கு மேலே, தண்ணீருக்கு நேராக ஆடின. சோற்றுத் தட்டுகளை நெஞ்சோடு அணைத்தபடி நான் பின்னால் போனேன். நான்காம் நடையில் அவர் கால் ஈரக்கல்லில் வழுக்கியது. தடி ஒரு பக்கம் சாய்ந்தது.

"இஞ்சேருங்கோ! உது சாம்பார்! விழுந்தா மீனுக்குத்தான் கலியாணவீடு!" கரையிலிருந்து மலர் கத்தினார்.

"கத்தாதையும், குதிரை வெருளும்."

கடைசி வாளி 11:49க்கு அக்கரை சேர்ந்தது. பந்தி 12:05க்குத் தொடங்கியது. சாப்பாடு எந்த வழியாக வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிற்பகல் 3:30க்குப் பாலத்துக்குத் திரும்பினோம். வெறும் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் இரண்டு நடையில் கொண்டுபோய்விடலாம். ராசன் அண்ணை அவற்றையும் இரண்டிரண்டாகத் தடியில் கொழுவி, எட்டு நடை நடந்தார்.