பரிமளம் மிஸ்ஸின் மோட்டார் சைக்கிள்

பரிமளம் மருத்துவ மாதுவாக வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஓ.எல். பாஸ் பண்ணி, கண்டியில் பயிற்சி முடித்துத் திரும்பியவள். சொந்த ஊரிலேயே வேலை கிடைத்தது அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள், முதல் மழைக்காலம் வரும்வரை.

அவள் பொறுப்பில் மூன்று தோட்டங்கள். பஸ் பெரிய ரோட்டோடு நின்றுவிடும். அதற்கு மேல் எல்லாம் நடைதான். கர்ப்பிணிகளைப் பார்க்க, பிறந்த குழந்தைகளை நிறுக்க, தடுப்பூசிக்கு வராத தாய்மாரை வீடு தேடிப்போய்க் கெஞ்ச என்று ஒவ்வொரு நாளும் மலை ஏறி இறங்கினாள். அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போவாள். மழை அதைக் கழுவிவிட்டுப் போகும், அட்டை கடிக்கும். வெள்ளைச் சேலையின் கரை எப்போதும் செம்மண் நிறத்தில் இருக்கும். லயத்து ஜனங்கள் அவளை "மிஸ்" என்று கூப்பிட்டார்கள். அவள் சித்தப்பா முறையானவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவள் கணவன் ஜனார்த்தனன் மஸ்கெலியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தான். அவன் வீட்டுக்காரர்கள் பஜாரில் புடவைக்கடைக்காரர்கள். மகன் கையில் கிரீஸ் பூசிக்கொண்டதையும் அவர்களால் பொறுக்க முடியவில்லை, லயத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டதையும் பொறுக்க முடியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் கடைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் குடியிருந்தார்கள். சாயங்காலம் அவள் வந்து சேரும்போது வெந்நீர் போட்டு வைத்திருப்பான். அவள் காலை அதற்குள் விட்டபடியே உட்கார்ந்து தூங்கிப்போன நாட்கள் நிறைய.

விபத்தில் நசுங்கிய ஐம்பது சீசீ வண்டி ஒன்று அவன் கைக்கு வந்தபோது அவளிடம் சொல்லாமலே அதைத் திருத்தத் தொடங்கினான். வேறு வேறு வண்டிகளில் கழற்றிய பாகங்களைப் போட்டு, முன்பக்கம் மட்டும் புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்து, ஒருநாள் கடை வாசலில் நிறுத்தினான்.

"இது யாருதுங்க?"

"ஒனக்குத்தான். ஏறி ஒக்காரு."

"சேலையோடவா? பஜாரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அவங்களா ஒனக்குப் பதிலா மலை ஏறப் போறாங்க?"

பஜார் சிரிக்கத்தான் செய்தது. பாடசாலை மைதானத்தில் அவள் விழுந்து எழுந்து ஓட்டப் பழகினாள். சில மாதங்களில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி போகக்கூடிய இடம்வரை போய், மிச்சத்தை நடந்தாள். உடம்பு கொஞ்சம் தேறியது. அந்த இரண்டு மூன்று வருஷங்களைத்தான் தன் உத்தியோகத்தின் நல்ல காலம் என்று பின்னாளில் சொல்வாள்.

பிறகு ஒரு வருஷம் ஆனி மாத மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கினிகத்தேனைக்குக் கீழே மலை சரிந்து ரோட்டை மூடியது. கொழும்பிலிருந்து பெற்றோல் பவுசர் வரவில்லை. பெற்றோல் செட்டில் இருந்த கொஞ்சத்தை ஆஸ்பத்திரி வண்டிக்கும் பொலிசுக்கும் என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். பரிமளம் மறுபடி நடக்க ஆரம்பித்தாள். பழக்கம் விட்டுப்போன முழங்கால்கள் இப்போது வேறு மாதிரி வலித்தன. ஒருநாள் சாயங்காலம் நனைந்த சேலையோடு வாசற்படியில் உட்கார்ந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஜனார்த்தனன் அவளை எழுப்பாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவனுடைய கூட்டாளி லக்ஸ்மன் லொறி ஓட்டுபவன். கரும்பு ஆலைப் பக்கமிருந்து வெலிமடை வழியாக வரும் லொறிகளில் கள்ளத்தனமாக ஸ்பிரிட் கேன்கள் வருவது அவனுக்குத் தெரியும். கள்ளச்சாராயம் விற்கும் கசிப்புக்காரர்கள் வாங்குவார்கள். ஜனார்த்தனன் ஒரு கேன் கேட்டான்.

"என்னடா, நீயும் எறங்கிட்டியா?" என்று லக்ஸ்மன் சிரித்தான்.

"குடிக்க இல்லடா. வண்டிக்கு. பிரேசில்ல கார் எல்லாம் கரும்புச் சாராயத்துலதான் ஓடுதாம். ரேடியோவுல சொன்னான்."

கையிலிருந்த கொஞ்சப் பெற்றோலில் ஸ்பிரிட்டை ஊற்றிப் போத்தலில் குலுக்கிப் பார்த்தான். கலங்காமல் ஒன்றாகச் சேர்ந்தது. காபரேட்டரின் ஜெட் துவாரத்தைச் சற்றுப் பெரிதாக்கினான். வண்டி முதலில் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. புகைகூட அதிகம் இல்லை. அன்று அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துப் ஸ்பிரிட் எங்கிருந்து வந்தது என்று பரிமளம் கேட்கவில்லை. வாசம் மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"சாராயக்கடை வாசம் அடிக்குதுங்க."

"நீ குடிக்கப் போறதில்லையே."

லயங்களில் அது பெரிய பகிடியாகிவிட்டது. "மிஸ்ஸோட வண்டி தண்ணி அடிச்சிட்டு வருது" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். நடக்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

ரோடு திறந்து, பவுசர் வந்து, செட்டில் பெற்றோல் கிடைக்கத் தொடங்கிய பிறகும் ஜனார்த்தனன் கலப்பதை விடவில்லை. கேனில் மிச்சம் இருந்தது. அதைவிட, தான் கண்டுபிடித்த ஒன்று வேலை செய்கிறது என்ற பெருமையும் இருந்தது. ஆனால் காலை நேரத்தில் வண்டி கிளம்ப அடம் பிடித்தது. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. ரப்பர் குழாய் உப்பிப்போய்க் கழன்றது. அவன் வேறு குழாய் மாட்டினான். டேங்கி மூடியின் வாசர் தேய்ந்து மழைத்தண்ணீர் கசிவதைக் கண்டு, மேலே ஒரு பொலித்தீன் பையைக் கட்டிவிட்டான்.

"நல்ல பெற்றோல் மட்டும் ஊத்திப் பாப்பமாங்க?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"பெற்றோல்ல ஒண்ணும் இல்ல. மழை நின்னா சரியாயிடும்."

அந்த நாட்களில் அவள் யாரோடும் வாதாடத் தெம்பில்லாமல் இருந்தாள்.

ஆவணியில் ஒருநாள் பகல், தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில், தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளை நிறுத்துக்கொண்டிருந்தபோது வீரய்யா ஓடிவந்தான். மேற்கணக்கில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அவன் மனைவி அம்மாக்கண்ணுக்கு இது மூன்றாவது பிரசவம். போன தடவை நிறைய இரத்தம் போயிருந்ததால், வலி வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்கச் சொல்லி பரிமளம் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

"மிஸ், அவளுக்கு வலி வந்துருச்சு. காலையிலேருந்தே இருந்திருக்கு. என்கிட்ட சொல்லாம மலைக்குப் போயி கொழுந்து எடுத்திருக்கா."

"லொறி எங்க?"

"ஃபாக்டரியில நிக்குது. தொரை சொன்னாத்தான் எடுப்பேங்குறான் டிரைவர்."

"நீங்க ஆபீசுக்கு ஓடுங்க. நான் சொன்னேன்னு சொல்லி லொறியை மேலே அனுப்பச் சொல்லுங்க. நான் முந்திப் போறேன்."

பையை முன்னால் கட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். ஃபாக்டரியைத் தாண்டி, மேற்கணக்குக்குப் போகும் கல்ரோட்டில் பாதி ஏற்றத்தில் இன்ஜின் இருமி நின்றது. உதைத்தாள். மறுபடி உதைத்தாள். பனி இறங்கி வளைவு தெரியவில்லை. ஜனார்த்தனன் சொல்லிக்கொடுத்தபடி காபரேட்டருக்கு அடியிலிருந்த திருகாணியைத் தளர்த்தினாள். வெளியே வந்தது பெற்றோல் மாதிரியே இல்லை. விரலில் தேய்த்துப் பார்த்தாள். சாராய வாசம் அடிக்கும் தண்ணீர்.

வண்டியைத் தேயிலைச் செடிகளுக்குள் தள்ளிவிட்டு நடந்தாள். ஓட வேண்டும் என்று நினைத்தாள், முழங்கால் இடம் தரவில்லை. பாதையை விட்டு மலைக்குள் குறுக்கே ஏறினாள். செடிகள் சேலையைப் பிடித்து இழுத்தன. ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கியபோது, இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது அது முதல் தடவை இல்லை.

அவள் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது. பக்கத்துக் காம்பரா மீனம்மா அதைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். ஆண் பிள்ளை. அழுதுகொண்டிருந்தது. அம்மாக்கண்ணு அழவில்லை, பேசவும் இல்லை. அவளுக்குக் கீழே விரித்திருந்த சாக்கு முழுக்க நனைந்திருந்தது.

"எவ்வளவு நேரமாச்சு?"

"புள்ள பொறந்து கொஞ்ச நேரம் ஆச்சு மிஸ். நஞ்சும் விழுந்துருச்சு. ஆனா ரத்தம் நிக்க மாட்டேங்குது" என்றாள் மீனம்மா.

பரிமளம் இரத்தத்தை நிறுத்தும் ஊசியைப் போட்டாள். அடிவயிற்றை ஒரு கையால் அழுத்திப் பிசைந்தாள். கருப்பை கொஞ்சம் இறுகும், கையை எடுத்தால் மறுபடி தளரும். கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். லொறி வந்தது. கொழுந்துச் சாக்குகளின் மேல் அம்மாக்கண்ணைக் கிடத்தி, பக்கத்தில் மண்டியிட்டு, வயிற்றில் வைத்த கையோடு மஸ்கெலியா வரை வந்தாள். ஒவ்வொரு குழியிலும் லொறி தூக்கிப் போட்டபோது, "கண்ணைத் தொறம்மா, என்னப் பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அங்கிருந்து ஆஸ்பத்திரி வண்டியில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோனார்கள். கருப்பையை எடுத்துவிட்டார்கள். அம்மாக்கண்ணு பிழைத்துக்கொண்டாள்.

இருட்டும் நேரத்தில் பரிமளம் வீட்டுக்கு வந்தாள். ஜனார்த்தனன் ஆள் பிடித்து வண்டியைக் கீழே கொண்டுவந்து விட்டிருந்தான். யாரோ அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். அவன் வெந்நீர் போட்டு வைத்திருந்தான். அவள் குளித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் எழுந்து வந்தபோது அவன் டேங்கியில் இருந்ததைக் கண்ணாடிப் போத்தலில் வடித்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். மேலே பெற்றோல் மஞ்சளாக நின்றது. கீழே வேறொரு திரவம், தெளிவாகப் பிரிந்து, நடுவில் ஒரு கோடு கிழித்தது போல.

"தண்ணி பட்டதும் ஸ்பிரிட்டு பெற்றோல விட்டுட்டுத் தண்ணியோட சேந்துருச்சு. எல்லாம் அடியில எறங்கிருச்சு. காபரேட்டருக்கு மொதல்ல போறது அடியில இருக்கிறதுதான்." போத்தலைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்: "திட்டிடு புள்ள. சும்மா இருக்காத."

"திட்ட என்னங்க இருக்கு. எனக்காகத்தானே செஞ்சீங்க."

"அதுக்காக?"

"சரி, தப்புத்தான். போதுமா?" அவள் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஆனா இனிமே அந்த வண்டி எனக்கு வேணாங்க. நடந்தா எந்நேரம் போய்ச் சேருவேன்னு எனக்குத் தெரியும். பிந்தினாலும் தெரியும்."

"இனிமே செட்டுப் பெற்றோல் மட்டும்தான். டேங்கியைக் கழுவிடுறேன். வாசரும் புதுசு."

"வேணாங்க."

அவன் கேனில் மிச்சம் இருந்த ஸ்பிரிட்டைக் கடைக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக் கானில் ஊற்றினான். அந்த வாசம் இரண்டு நாள் போகவில்லை. பஜாரில் குடிக்கிறவர்கள் சிலர் வந்து, "அண்ணே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். வண்டியைக் கழுவித் துடைத்து, கொஞ்ச நாள் வைத்துப் பார்த்து, பின்பு கினிகத்தேனையில் ஒருவருக்கு விற்றுவிட்டான்.

பரிமளம் நடந்தாள். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, மூங்கில் தடி ஒன்றை ஊன்றிக்கொண்டு பல வருஷங்கள் நடந்தாள். அம்மாக்கண்ணு குழந்தைக்கு ஊசி போடக் கொண்டுவந்தபோது வெளிறிப்போய் இருந்தாள். மலைக்குப் போக முடியாமல் பிள்ளைக்காம்பராவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"மிஸ், நீங்க நேரத்துக்கு வந்ததாலதான் நான் இருக்கேன்" என்றாள்.

"இல்லம்மா. நான் பிந்தித்தான் வந்தேன். வண்டி நின்னுருச்சு."

அம்மாக்கண்ணு குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "வந்தீங்கல்ல" என்றாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருநாள் அலுவலகத்தில் மருத்துவ மாதுகளுக்கு ஸ்கூட்டர் கொடுப்பதாகச் சொல்லிப் பெயர் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் பரிமளம் போனாள். வரிசையில் நின்றபோது முழங்கால் விண்ணென்று தெறித்தது. தன் முறை வந்ததும் பெயரைச் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து ஜனார்த்தனனிடம் சொன்னபோது அவன் போய் வெந்நீருக்கு அடுப்பை மூட்டினான்.

ஸ்கூட்டர் சிவப்பு நிறம். முதல் வாரம் அவள் கீழ்க்கணக்கு வரை மட்டும் போனாள். பிறகு மேற்கணக்குக்கும் போனாள். ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் காது விறைத்துக்கொள்ளும். ஓய்வு பெறும்வரை அந்தப் பழக்கம் போகவில்லை.