தம்பி போட்ட கையெழுத்து

பள்ளிக்கூடத்திலிருந்து தம்பி மகள் கொண்டுவந்த தாளை நான்தான் முதலில் வாசித்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். பதினாலு வயசுப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமலிருக்க அரசாங்கத்தில் இலவசமாக ஊசி போடுகிறார்களாம், பெற்றவர் கையெழுத்து வேண்டுமாம். நோயின் பெயரை மட்டும் இன்னொருதரம் எழுத்துக்கூட்டி வாசித்தேன். பிள்ளையின் அம்மா, என் தம்பி பெண்டாட்டி, போன வருஷம் அதில்தான் போய்ச் சேர்ந்தாள்.

வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு கொண்டுபோன தம்பி இருட்டுகிற நேரம் வந்தான். தாளைப் பார்த்துவிட்டு மடித்து என்னிடமே நீட்டினான்.

"வேணாம்க்கா. ஆத்தாளுக்கு வந்தது மகளுக்கும் இருக்குன்னு ஊரே பேசும். நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவா?"

"எங்க வகுப்புல எல்லாத்துக்கும் போடுறாங்கப்பா" என்றாள் பிள்ளை.

"எல்லாத்து ஆத்தாளும் இப்படியா செத்தா? சோலியப் பாரு, போ."

மறுநாள் தாளைக் கொடுக்கக் கடைசி நாள். புருசனைப் பறிகொடுத்து இந்த வீட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. தம்பியிடம் பேசினால் காட்டு வேலை, கடைச் சாமான், அவ்வளவுதான். பெண்கள் சங்கதியை அவனிடம் எப்படிப் பேசுவது? ஆனால் ஏற்கெனவே ஒருதரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடுகளில் வீட்டுக்குத் தூரமான நாளில் பெண்கள் விதைப்பூண்டைத் தொடமாட்டோம். தொட்டால் முளை அழுகிப்போகும் என்பார்கள். தம்பி பெண்டாட்டி சாவதற்கு ரெண்டு வருஷம் முந்தி, விதைக்குப் பூண்டு உடைக்கிற சமயம். மூணு நாளில் வந்து உட்கார வேண்டியவள் பத்து நாளாகியும் வரவில்லை. தள்ளி உட்கார்ந்து உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள். விதைப்பு முடியும்வரை அப்படித்தான். மூஞ்சி வெளிறிக் கிடந்தது. தீட்டு நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. கேட்கக் கூச்சம். அவளும் சொல்லவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது முத்திப்போச்சு என்றார்கள்.

தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"அவ விதைப்பூண்டுப் பக்கம் வராம இருந்தப்பவே எனக்குத் தெரியும்ப்பா. நான் கேக்கல. யாருகிட்டயும் சொல்லல. இந்தப் பிள்ளைக்காவது ஊசியப் போட்டுருவோம்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

அவ்வளவுதான் கேட்டான். சோறு பாதி கிடக்க எழுந்து கை கழுவினான். மகளிடம் பேனா வாங்கி, அவள் புத்தகப்பை மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

ஊசி போட்ட அன்று பிள்ளை, "லேசா கைதான் வலிக்குது அத்த, வேற ஒண்ணுமில்ல" என்று சிரித்தது. எனக்கு அது போதும்.

தம்பி என்னை அக்கா என்று கூப்பிட்டு மூணு மாசமாகிறது. நான் வைக்கிற சோற்றைச் சாப்பிடுகிறான். கொடைக்கானலுக்கு உரம் வாங்கப் போவதென்றாலும் மகளிடம்தான் சொல்லிவிட்டு பஸ் ஏறுகிறான். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.