ஐம்பத்தொன்றாவது வரிசை

“அந்தக் கோடு போகலீன்னா தலைப்ப மாத்திக்குங்க. அடுத்த மாசம் கமிட்டி கூடுது.”

என் கைடு இதைச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். தொண்ணூறுகளின் கடைசி. நான் கொல்லிமலையில் மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியன், பகுதிநேரமாகப் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். தலைப்பை மாற்றினால் இத்தனை வருஷ உழைப்பும் ஆற்றில் கரைத்த புளிதான். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

என் வேலை ஸ்பின் மாடல். கட்டம் போட்ட லாட்டிஸில் ஒவ்வொரு புள்ளியிலும் குட்டிக் காந்தம் மாதிரி ஒரு ஸ்பின், மேலே பார்க்கும் அல்லது கீழே பார்க்கும். என் ஸ்பின்கள் வீம்புக்காரர்கள். பக்கத்தில் இருப்பவன் மேலே பார்த்தால் நான் கீழேதான் பார்ப்பேன் என்பார்கள். மூன்று பேரை முக்கோணமாக நிறுத்தினால் மூன்றாமவன் யாருக்கு எதிராக நிற்பான்? எப்படி நின்றாலும் ஒரு ஜோடிக்குக் குறைதான். இதைத்தான் ஃப்ரஸ்ட்ரேஷன் என்கிறோம்.

சதுரக் கட்டத்தில் அந்தத் தொல்லை கிடையாது. சூடு இறங்க இறங்கச் செஸ் போர்டு மாதிரி அழகாக அடங்க வேண்டும். புரோகிராம் சரிதானா என்று பார்க்கிற முதல் பரீட்சையே அதுதான். என் புரோகிராம் அதிலேயே தோற்றது. எப்போது ஓட்டினாலும் படத்தின் குறுக்கே ஒரு கோடு, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில். பள்ளியின் ஒரே கம்ப்யூட்டரில், கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து, வரிவரியாகத் திருத்தினேன். கோடு போகவில்லை.

அந்த வாரம் ஆண்டுவிழா ஒத்திகை. உடற்கல்வி ஆசிரியை செல்லம்மாள் கும்மி சொல்லிக்கொடுத்தார், இதே மலையில் பைல் நாட்டுக்காரர். வட்டத்தில் ஒருத்தி உள்ளே பார்க்க, அடுத்தவள் வெளியே பார்க்க வேண்டும். மொய்யானாலும் கும்மியானாலும் எண்ணிக்கையில் ஒன்று கூட்டி வைத்தால்தான் அவருக்கு மனசு ஆறும், அதனால் இருபதுக்குப் பதில் இருபத்தொரு பெண்கள். எங்காவது இரண்டு பேர் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் ஒவ்வொருத்தியாகத் திருப்பிப் பார்த்துச் சலித்து என்னிடம் வந்தார்.

“ஏனுங்க சார், எந்தப் புள்ளையும் தப்பா நிக்கலீங்க. ஒருத்தியத் திருப்புனா கோளாறு அடுத்தவகிட்டப் போயிருது. வட்டத்தையே சுத்துது, வெளிய போக மாட்டேங்குது.”

அவர் சொன்னது அப்படியே என் கோட்டின் கதை. லுங்கி மூட்டுவது போல என் லாட்டிஸின் ஓரங்களையும் ஒன்றோடொன்று சேர்த்திருந்தேன். ஆகவே ஒவ்வொரு வரிசையும் ஒரு வட்டம். வட்டத்தில் எத்தனை பேர்? ஐம்பத்தொன்று. எங்கள் லேபில் எல்லாப் புரோகிராமும் அந்த எண்ணில்தான் தொடங்கும். வெறும் ஐம்பது மொட்டையாக இருக்கிறது என்று கைடு ஒன்று கூட்டி வைத்திருந்தார். அவருடைய ஸ்பின்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்ப்பவை, யாருக்கும் வலிக்கவில்லை. என்னுடையவை ஒன்றுவிட்டு ஒன்று மாற வேண்டியவை. ஒற்றைப்படை வட்டத்தில் எங்காவது ஒரு ஜோடி ஒரே பக்கம் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஓடிப்போய் ஐம்பது என்று மாற்றி ஓட்டினேன். எனர்ஜி இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. சுத்தமான செஸ் போர்டு. ஒன்று கூட்டினேன், கோடு வந்தது. குறைத்தேன், போனது. இத்தனை நாள் என்னை ஆட்டிவைத்த கோடு, வா என்றால் வந்தது, போ என்றால் போனது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

கைடுக்குப் போன் செய்தேன். விஷயத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்: “அந்தக் கோட்ட அழிச்சுராதீங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுங்க.”

கமிட்டியில் ஒருவர், ஏன் ஐம்பத்தொன்று என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் கைடு எழுந்தார்.

“மொய் எழுதற பழக்கமுங்க. கூட்டி வெச்சது நானு, புடிச்சது இவரு.”

அறையே சிரித்தது. தலைப்பு நிலைத்தது, அந்தக் கோடே என் முதல் அத்தியாயம் ஆனது. திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ராஜா மாதிரி நின்றுகொண்டு வந்தேன்.

ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கோளாறு இடம் மாறிக்கொண்டே இருந்தால் நிற்பவர்களைத் திட்டாதீர்கள், வட்டத்தை எண்ணுங்கள்.

அந்த வாரம் ஒற்றைப்படைதான் கோளாறு என்று நான் சொன்னதும், செல்லம்மாள் இருபத்தொன்றாவது பெண்ணை வீட்டுக்கு அனுப்பவில்லை. கையில் விளக்கைக் கொடுத்து வட்டத்தின் நடுவில் நிறுத்தினார். ஆண்டுவிழாவில் அவளுக்குத்தான் கைதட்டல் அதிகம்.