எல்லோரும் ஜாஃபரையே கேட்டார்கள்

ஸ்ரீரங்கத்தில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. நம் குழுவின் செல்வராஜ் போனில் அழுதார். "ஜாஃபர் சார் போயிட்டாருங்க. இனிமே சாஃப்ட்வேர்ல ஒரு சந்தேகம்னா நாங்க யார்கிட்டங்க போய்க் கேப்போம்?" கையில் கத்தரிக்காயோடு நின்றேன். நண்பர் இறந்துவிட்டார் என்பது மனதில் இறங்குவதற்கு முன்பே, 'ஏன், நான் இல்லையா?' என்று உள்ளே சுருக்கென்றது. அவருக்கான அஞ்சலியை இந்த உண்மையிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

உங்களில் பலருக்கு எங்கள் இருவரையும் தெரியும். ஒரே அலுவலகத்தில் பொறியாளர்களாக இருந்து, ஒரே ஆண்டில் ஓய்வு பெற்றோம். ஒரே மாதிரி சின்ன சிஎன்சி இயந்திரம் வாங்கினோம். கணினியில் வரைந்ததை அப்படியே மரப்பலகையில் வெட்டித் தரும், மேசைமேல் வைக்கிற இயந்திரம். ஞாயிறுதோறும் புத்தூரில் பொழுதுபோக்காகக் கூடும் நம் குழுவை ஆரம்பித்ததும் நாங்கள்தான். ஆனால் புதிதாக வருகிறவர்கள் "எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?" என்று கேட்க, என்னைத் தாண்டி அவரிடம் போவார்கள். நான் வாசலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தும் பலனில்லை.

அவரிடம் அப்படி என்ன இருந்தது? நான் எல்லா சாஃப்ட்வேரையும் ஒப்பிட்டுப் பேசுவேன். முப்பரிமாணம், ஆண்டுக் கட்டணம் என்று எதையும் விடமாட்டேன். அவர், "முதல்ல என்ன செய்யப் போறீங்க?" என்பார். பெயர்ப்பலகை என்றால், தட்டையாக வரைகிற இலவச சாஃப்ட்வேரே போதும் என்பார். "ஒரு சாமானை வரையுறதுலேர்ந்து வெட்டுற வரைக்கும் இலவசத்துலயே முடிச்சுப் பாருங்க. எங்க முட்டுதோ, அதுக்கு மட்டும் காசு கொடுங்க." கேட்டவர்கள் பூரித்துப் போவார்கள். இதையே நான் விரிவாக விளக்கியபோது ஒருவர் கொட்டாவி விட்டார்.

என் மனைவி வசந்தா மழலையர் பள்ளி ஆசிரியை. குழந்தைகளுக்காக ப்ளைவுட்டில் விலங்குப் புதிர் வெட்ட ஆசைப்பட்டாள். என்னிடமிருந்த பெரிய சாஃப்ட்வேரை அவளுடைய பழைய லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தேன். அது திறப்பதற்குள் அடுப்பில் குழம்பு கொதித்து இறங்கிவிடும். சில நாளில் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டாள். ஆசை போய்விட்டது என்று நானும் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை பாலக்கரையில் ஜாஃபர் வீட்டுக்குப் போனவள், மாலையில் ஒரு யானையோடு திரும்பினாள். துண்டு துண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் அழகான யானை. "அவர் ஒண்ணுமே செய்யலைங்க. பக்கத்துல உக்காந்து டீதான் குடிச்சாரு. நானே வரைஞ்சேன், நானே வெட்டினேன்" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. சாப்பாட்டில் உப்பில்லை என்று அன்று சண்டை போட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஒருமுறை அவரும் வசமாக மாட்டினார். உப்பிலியபுரத்திலிருந்து வந்த விவசாயி ஒருவருக்கு எல்லோர் முன்னிலையிலும் பெயர்ப்பலகை வெட்டிக் காட்டினார். வரைந்தது அங்குலத்தில், இயந்திரம் எடுத்துக்கொண்டது மில்லிமீட்டரில். பலகை என்று வெளியே வந்தது கட்டைவிரல் நகம் அளவுக்கு. எனக்கு ஜிலேபி சாப்பிட்டதுபோல் இருந்தது. அவரோ அதை உள்ளங்கையில் வைத்துச் சுற்றிலும் காட்டினார். "எறும்பு வீடு கட்டினா வாசல்ல மாட்டிக்கும். எல்லாரும் உங்க சாஃப்ட்வேர்ல அளவு எதுல இருக்குன்னு இப்பவே பாத்துருங்க." அத்தனை பேரும் திறந்து பார்த்தார்கள், நானும்தான். தப்பு செய்தும் பேர் வாங்குகிற மனிதரோடு எப்படிப் போட்டி போடுவது?

அடக்கம் முடிந்து வந்த ஞாயிறு, புத்தூரில் நீங்கள் ஒவ்வொருவராக எழுந்து, ஜாஃபர் உங்களுக்கு எதைத் தேர்ந்து கொடுத்தார் என்று சொன்னீர்கள். வசந்தாவும் சொன்னாள். என் முறை வந்தபோது எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் அவரிடம் எதையும் கேட்டதே இல்லை. கேட்டிருந்த உங்கள் எல்லோர்மீதும் அன்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

போன வாரம் வையம்பட்டியிலிருந்து ஒரு பெண்மணி போன் செய்தார். "புதுசா மெஷின் வாங்கியிருக்கேங்க சார். எந்த சாஃப்ட்வேர்ல ஆரம்பிக்கலாம்?" நான் ஏங்கிக் கிடந்த கேள்வி. என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன்.

"ஜாஃபர் சார்தாங்க கொடுத்தாரு. அப்ப ஆஸ்பத்திரியில இருந்தாரு. 'என்னால பேச முடியலம்மா. என்னைவிட அவருக்கு நல்லாத் தெரியும், அவர்கிட்ட கேளுங்க'ன்னாரு."

அவரைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. இதிலும் அவர்தான் முந்திக்கொண்டார். அந்தப் பெண்மணியிடம், "முதல்ல என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

உங்களிடமெல்லாம் ஜாஃபர் தேர்ந்து கொடுத்தது ஏதோ ஒன்று இருக்கிறது. என்னிடம் இருப்பது அவர்மேல் எனக்கிருக்கும் பொறாமை மட்டும்தான். அதை விடுவதாக இல்லை. இப்படிப் பொறாமைப்பட இனி எனக்கு வேறு ஆள் கிடையாது.