காதுமடலைத் தடவும் ஆயாம்மா

என் மகளைப் பார்த்துக்கொண்ட ஆயாம்மா, யோசிக்கும்போதெல்லாம் இடது காதுமடலைத் தடவுவார். பெரிய கவிஞர் ஒருவர் இறந்த அன்று, நான் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் வேலை முடித்து வீட்டுக்கு வந்தபோது, தொலைக்காட்சியில் அவருடைய பழைய பேட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆயாம்மாவுக்கு இருக்கும் அதே அகன்ற நெற்றி. பதிலை யோசித்தபடி அவரும் காதுமடலைத் தடவினார்.

நான் திரும்பிப் பார்த்ததை ஆயாம்மா கவனித்துவிட்டார்.

“இன்னாம்மா அப்டி பாக்கற? எங்க நைனாதான். எங்கம்மாவக் கட்டிக்கல. எம்பொண்ணுக்கே தெரியாது. மாப்ள ஊட்டுல தெரிஞ்சா கல்யாணம் நின்னுபூடும்.”

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். வாசலில் கேமராவோடு ஒருவர்.

“கவிஞரோட இன்னொரு பொண்ணு இந்தத் தெருவுல இருக்காங்களாமே மேடம்?”

“தெரியாதுங்க.”

“உள்ள யாரு?”

“எங்கம்மா,” என்றேன். இடுப்பில் இருந்த மகளை நான் இறுக்கிப் பிடித்ததில் அவள் வீறிட்டாள். அவர் போய்விட்டார்.

கதவைச் சாத்தியதும் ஆயாம்மா மெதுவாகக் கேட்டார். “சாவறப்போ என்னப் பத்தி எதுனா சொன்னாராமா? வந்தவரக் கேட்டியா?”

நான் கேட்கவில்லை.

ஆயாம்மா மகளின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனாலும், கேட்டிருக்கலாமோ என்று இன்னும் தோன்றுகிறது. இப்போது என் மகளும் யோசிக்கும்போது காதுமடலைத் தடவுகிறாள். இது யாருடைய பழக்கம் என்று மாமியார் கேட்டால், ஆயாம்மாவுடையது என்று மட்டும் சொல்கிறேன்.